திங்கட்கிழமை முதல் லோடு

பாரம் தூக்கும் சங்கிலிகளைப் பத்துத் தொன்னுக்கு இழுத்துப் பார்க்கிற ஹைட்ராலிக் யந்திரம் அது. பல்லேகலப் பட்டறையில் திருச்செல்வம் செத்த இடத்தில் நின்று இப்போது அதை ஓட்டுகிறவன் அவனுடைய தம்பி யோகராஜ். தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் செத்தால் வீட்டு ஆள் ஒருவரைப் பேர் பதிவது போல, அண்ணனின் வேலை தம்பிக்கு வந்தது.

திருச்செல்வம் அவசரப்பட்டுக் கையால் வால்வைத் திருகி இழுவையைக் கூட்டினான், சங்கிலி அறுந்து நெஞ்சில் அடித்தது என்று விசாரணையை முடித்தார்கள். அவர்கள் குடியிருந்த ஹந்தானைத் தோட்ட லயத்தில் இன்னொன்றும் சேர்த்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை போட்டது இறங்கவில்லையாம். அவர் குடிக்கவில்லை என்று அண்ணி கலாராணி சொன்னதை நம்பியவன் யோகராஜ் மட்டும்தான். அதுவும் பாதிதான்.

மற்ற நாட்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பத்து என்று கொடுத்தால் அளவுமானியின் முள் மெல்ல ஏறிப் பத்தில் நிற்கும். திங்கட்கிழமை காலையில் மட்டும் கொஞ்சநேரம் செத்ததுபோலக் கிடந்து, திடீரென்று பத்தைத் தாண்டிப் பாயும். யாரோ வால்வைத் திருகியது போல இருக்கும். அண்ணன் செத்ததும் ஒரு திங்கட்கிழமைதான். அவன் கை இன்னும் அதில் இருக்கிறது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். பயத்தில் எல்லோரும் இன்னும் வெள்ளென வந்து, பம்பைப் போட்ட கையோடு, ஏழரைக்கு ராகுகாலம் பிறக்குமுன் சங்கிலியில் முதல் லோடை ஏற்றினார்கள்.

கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பார்க்கிற இஞ்சினியர் ஃபாஸில் அலவத்துகொடக்காரன். அவன் வருவது பகலில். ஒரு பழுதும் இருக்காது. ஒங்கட பேய்க்கு லீவு போல என்று கேலி செய்துவிட்டுப் போவான். கடைசியில் ஒரு திங்கட்கிழமை விடியவே வந்து நின்றான். முள் பாய்ந்தது. அவன் சிரிக்கவில்லை. யோகராஜின் கையைப் பிடித்து எண்ணெய்த் தொட்டியில் வைத்தான். தொட்டி பிணம்போலச் சில்லிட்டிருந்தது.

"எண்ணெய் குளிர்ல தடிச்சி ஈக்கிது. பெட்டி கேக்குது, எண்ணெய் வரல்ல. போதாதுன்னு வால்வ இன்னும் தொறக்குது. பொறகு எல்லாம் ஒண்டா வருது. நான் பகல்ல சூட்டு எண்ணெய்க்கு வெச்ச கணக்கு இது." முள்ளைத் திரும்பிப் பார்த்தான். "ஒங்கட அண்ணன் கைய வெக்கவே தேவல்ல, அது தானாவே பாயும்."

தொட்டிக்கு ஹீட்டர் வைக்கவும், எண்ணெய் சூடேறும்வரை பெட்டி இழுக்காதபடி பூட்டவும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னான். அன்றே பம்பை வெறுமனே ஓடவிட்டு மறுபடி இழுத்தார்கள். முள் பத்தில் நின்றது.

யோகராஜ் மூச்சிரைக்க லயத்துக்கு மலையேறினான். கலாராணி அடுப்படியில் இருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினான்.

"அப்ப மத்த நாள்ல ஏன் பாயல?"

மற்ற நாள் பம்பைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம், அதற்குள் எண்ணெய் சூடாகிவிடும் என்றான். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"திங்கக்கெழமைன்னா நான்தான் அவர வெரட்டுவேன் தம்பி. ராகுகாலத்துக்கு முந்தி மொத லோட ஏத்திருங்கன்னு."

யோகராஜுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் மலையேறியிருப்பானா என்பதும் தெரியவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம், விடுங்க அண்ணி என்றான்.

"அப்ப அவரு குடிகாரனாவே இருக்கவா? போய்ச் சொல்லு."

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவள் பாலம்மா. குடித்த கதையை முதலில் கிளப்பியவள் அவள்தான். யோகராஜ் குளிர்ந்த எண்ணெயைப் பற்றிச் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, குடிக்காத மனுசன் அன்றைக்கு ஏன் அவ்வளவு அவசரப்பட்டான் என்றாள்.

அவன் வாய் திறக்குமுன் பின்னால் கலாராணியின் குரல் வந்தது.

"நான்தான் வெரட்டி அனுப்பினேன்."