ஆட்டோடு வந்த கமாண்டர்

கமாண்டர் சர்மஸ்த் செம்மறி ஆட்டோடு மன்னிப்புக் கேட்க வரப்போகிறான் என்பது உறுதியான அன்று, பல்வஷாவுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. இரண்டு ரொட்டியைத் தயிரில் தோய்த்துத் தின்றாள்.

ஜலாலாபாதில் அவளைத் தெரியாத அதிகாரி கிடையாது. பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள், கரண்ட் வரும் நேரம் பார்த்துப் புனைபெயரில் வலைப்பதிவு எழுத ஆரம்பித்தாள். சம்பளம் வாங்க ஆசிரியர்கள் இருந்தும் கட்டடமே இல்லாத பள்ளிக்கூடங்களைப் பற்றித்தான் முதலில் எழுதினாள். அப்புறம் ஆஸ்பத்திரி மருந்து கடைவீதிக்குப் போகும் கதை. எந்த நிருபரையாவது பிடித்து உள்ளே போட்டால் போதும், போலீஸ் நிலைய வாசலில் போய்ச் சட்டமாக உட்கார்ந்துவிடுவாள். "இந்தப் பொம்பளைக்கு வீட்டுல வேற வேலையே இல்லையா?" என்று அதிகாரிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கடைசியில் தொல்லை தாங்காமல் ஆளை விட்டுவிடுவார்கள். காபூல் பத்திரிகையாளர் சங்கம் அவளைக் கிழக்கு மாகாணங்களுக்குப் பொறுப்பாக்கியதும், புனைபெயரைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் எழுதினாள்.

அவள் கணவன் ஹெவாத் உள்ளூர் வானொலி நிருபர். சொந்தப் படை வைத்திருந்த கமாண்டர் சர்மஸ்தின் ஆட்கள் நெடுஞ்சாலையில் லாரிகளை மடக்கிப் பணம் பிடுங்குவதை, லாரிக்காரர்களின் குரலிலேயே ஒலிபரப்பினான். அடுத்த வாரம் வானொலி நிலைய வாசலில் அவனைச் சுட்டுப் போட்டார்கள். சுட்டது யார் என்று ஊருக்கே தெரியும். அரசு வழக்கறிஞர் மட்டும் 'அடையாளம் தெரியாத ஆயுததாரிகள்' என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைத்துவிட்டார். பத்திரிகைக்காரன் செத்தால் இந்த நாட்டில் எப்போதும் இந்த அடையாளம் தெரியாதவன்தான் சுட்டிருப்பான், நாசமாய்ப் போகிறவன்! அந்த இடத்தில் சர்மஸ்தின் பெயர் ஏறுகிறவரை தனக்குச் சாவு வரக்கூடாது என்று பல்வஷா தினமும் வேண்டிக்கொண்டாள்.

அவன் பெயரைப் போட்டு வலைப்பதிவில் எழுதியும் பார்த்தாள். சர்மஸ்த் டிவியில் வந்து சிரித்தான். "ஆதாரம் இருந்தா கொண்டு வரட்டும். விதவை ஒப்பாரி வெச்சா அது செய்தி ஆயிடுமா?" என்றான். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

ஹெவாத்தின் அண்ணன் பெயர் தோர்யாலை. வீட்டில் எல்லோருக்கும் அவர் லாலா, அதாவது அண்ணன். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முற்றத்தில் துப்பாக்கியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவரிடம் பல்வஷா போய் நின்றாள்.

"லாலா, அவனைச் சுட்டா என்ன ஆகும்? அவன் படத்தைப் பெருசாப் போட்டு நாற்சந்தியில தொங்கவிட்டு, தியாகின்னு கொண்டாடுவாங்க. நம்ம ஹெவாத்தைக் கொன்னது யாருன்னு கோப்புல அப்பவும் இருக்காது."

"அப்போ என்ன செய்யச் சொல்றே? வளையல் போட்டுக்கிட்டு உக்காரவா?"

"அவன் மன்னிப்புக் கேட்டு வந்தா, ஏத்துக்கோங்க."

லாலா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எழுதி எழுதி உன் ரத்தமும் மையாப் போச்சாடி? தூ!" என்றார். பல்வஷா கேட்டுக்கொண்டாள். திட்டு வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறோம், காரியம் ஆகவேண்டும்.

காரியத்துக்கு வேளையும் கூடி வந்திருந்தது. சர்மஸ்த் மாகாண சபைத் தேர்தலில் நின்றான். ஹெவாத்தின் குலத்தார் வாழும் கிராமங்களில் ஓட்டு நிறைய. ரத்தப் பகை தீராமல் அங்கே அவன் கால் வைக்க முடியாது. ஒரு கல்யாண வீட்டில் அவன் அக்கா மர்ஜானாவைப் பல்வஷா பிடித்தாள்.

"எனக்கும் அலுத்துப் போச்சு அக்கா. முறைப்படி வந்தா எங்க வீட்டுக் கதவு தொறந்துதான் இருக்கும்," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"வலைப்பதிவு?"

"ஆட்டை அறுத்தப்புறம் என்ன பகை, என்ன எழுத்து?"

மர்ஜானாவுக்குப் பாயசம் குடித்த மாதிரி ஆகிவிட்டது. செய்தி அன்றைக்கே தம்பி காதுக்குப் போயிற்று. பகையாளி ஆட்டோடு வாசலேறி வந்துவிட்டால் பஷ்தூன் இனத்தான் எவனும் மன்னிக்க மறுக்க முடியாது. மறுத்தால் குலத்துக்கே அவமானம். சர்மஸ்த் சட்டத்தை நம்பியதில்லை, கடவுளைக்கூட அளவோடுதான் நம்பினான். இந்த வழக்கத்தை மட்டும் முழுசாக நம்பினான்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து சர்மஸ்த் வந்தான். சுற்றுவட்டாரத்துத் தாடி நரைத்த பெரிய மனிதர்கள் எல்லோரும் கூட வந்தார்கள். முன்னால் மலிக் ஸரிஃப், இரு குலத்துக்கும் பொதுவான தலைவர். வாசலில் ஆடு அறுபட்டது. சர்மஸ்த் தலைப்பாகையைக் கழற்றி லாலாவின் காலடியில் வைத்தான். விருந்தினர் அறைத் திரைக்குப் பின்னால் பல்வஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வந்தேன்னு உன் வாயால சொல்லு," என்றார் லாலா. அவள்தான் அப்படிக் கேட்கச் சொல்லியிருந்தாள், முறையும் அதுதான்.

சர்மஸ்த் தொண்டையைச் செருமினான். மலிக், "சொல்லுப்பா, சொன்னாத்தானே அவங்க பொறுக்க முடியும்," என்று ஊக்கினார்.

"ஹெவாத் ரத்தம் என் கழுத்துல இருக்கு. என் ஆளுங்க என் சொல்லுக்குத்தான் சுட்டாங்க. கடவுளுக்காகப் பொறுத்துக்கங்க."

லாலாவின் தாடை இறுகியது. ஆனாலும் எழுந்து அவனைத் தழுவினார். பெரியவர்கள் கையேந்திப் பிரார்த்தித்தார்கள். அப்புறம் சோறும் ஆட்டுக்கறியும் வந்தன. சமைத்தவள் பல்வஷா, உப்பு காரமெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் போட்டாள். சர்மஸ்த் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "தங்கச்சி, நீயும் பொறுத்துக்கிட்டியா?"

"பொறுத்துக்கிட்டேன் அண்ணே. வயிறாரச் சாப்பிட்டுப் போங்க."

அவர்களுடைய வண்டிகள் கிளப்பிய தூசி அடங்கும் முன்பே எழுத உட்கார்ந்தாள். திட்டு இல்லை, சாபம் இல்லை. இன்று கமாண்டர் சர்மஸ்த் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கணவரைத் தன் ஆட்கள் தன் சொல்லின்படி சுட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார், நாங்கள் மன்னித்தோம். கீழே உடன் வந்த பெரியவர்களின் பெயர்கள். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் காபூல் பத்திரிகைகள் தங்கள் இணையதளங்களில் அதை எடுத்துப் போட்டன.

லாலா போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். "அடிப்பாவி! என் வாக்கைக் கெடுத்துட்டியே!"

"உங்க வாக்குக்கு என்ன கேடு? பகை தீர்ந்துச்சு, யாரும் அவனைச் சுடப் போறதில்லை. நாம மன்னிச்சது குடும்பத்தோட பங்கை. சட்டப்படி அரசாங்கத்தோட பங்கு அப்படியே கிடக்கு லாலா. அதை மன்னிக்க நாம யாரு?"

லாலா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, தம்பி பெயரைச் சொல்லிக் கதறினார். பல்வஷாவுக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது.

சர்மஸ்த் பதறிப்போய் டிவிக்காரர்களிடம், "சுத்தப் பொய், நான் அந்த வீட்டு வாசலையே மிதிக்கலை," என்று சொல்லிவிட்டான். அங்கேதான் தானாகப் போய் மாட்டிக்கொண்டான். மறுநாள் காலை மலிக் ஸரிஃப், ஹெவாத் வேலை பார்த்த அதே வானொலியில் வந்து வெடித்தார். "அப்ப எங்க தாடியெல்லாம் பொய் சொல்லுதா? நாங்க கூட்டிட்டுப் போனோம், நாங்க காதால கேட்டோம். இவனுக்காகப் போய் நின்ன எங்க முகத்துல கரி பூசிட்டான்!"

அதற்குமேல் அவனுக்குப் போக்கிடம் இல்லை. போனேன் என்றால் கொலைகாரன். போகவில்லை என்றால் தன் குலமே முகம் திருப்பிக்கொள்ளும். பல்வஷாவைத் தொடவும் முடியாது: மன்னித்த வீட்டின்மேல் கை வைத்தவனுக்கு அந்த நங்கர்ஹார் மாகாணத்தில் ஒருவன்கூடத் தண்ணீர் தரமாட்டான். கூட இருந்த துப்பாக்கிக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். காபூலிலிருந்து வந்த அரசு வழக்கறிஞர் கோப்பைத் திறந்து, பெரியவர்களின் வாக்குமூலம் வாங்கி, சர்மஸ்தின் பெயரை எழுதினார். பல்வஷா அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவளைப் போல மெதுவாகப் படித்தாள்.

அவனைக் கொண்டுபோகப் போலீஸ் வண்டி வந்த மத்தியானம், போன் அடித்தது.

"பொறுத்துக்கிட்டேன்னு சொன்னியேடி துரோகி!" கமாண்டரின் குரல் கீச்சிட்டது. "வயிறாரச் சாப்பிட்டுப் போங்கன்னு சோறு போட்டியே!"

"ஆமா அண்ணே, பொறுத்துக்கிட்டேன். அதையும் எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க. நான் செய்தி எழுதுறவ, ஒப்பாரி வெக்கிறவ இல்லை. அதுல எந்த வரி தப்புன்னு சொல்லுங்க, இப்பவே திருத்திடறேன்."

வண்டிக் கதவு திறக்கும் சத்தமும், யாரோ "ஏறு" என்று அதட்டுவதும் கேட்டன.

"எந்த வரி அண்ணே?" என்று பல்வஷா மறுபடியும் கேட்டாள்.