ஒரு சின்னக் குற்றம் தேவை

லார்க்ஹில் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் மூன்று வருஷமாக ஒரு குற்றமும் நடக்கவில்லை. அதுதான் இப்போது குற்றமாகிவிட்டது.

வெர்னெட் ஹாப்குட் அந்தக் கல்லூரியின் விதி அதிகாரி. கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிகளைப் பயிற்சியாளர்கள் மீறுகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதும், மீறினால் தன் கல்லூரியின் தவறைத் தானே எழுதிச் சங்கத்துக்கு அனுப்புவதும் அவள் வேலை. அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் மாவட்ட நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவள். யார் பொய் சொன்னாலும் பேனா நிற்காமல் எழுதிப் பழகியவள்.

சுற்றுவட்டாரக் கல்லூரிகள் எல்லாம் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து சின்னக் குற்றங்களை எழுதிக் கொடுத்துவிடும். அணிக்கு இழுக்க நினைத்த ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் ஒருநாள் முன்னதாகப் போனில் பேசிவிட்டோம், இன்னொருவனுக்குத் தெரியாத்தனமாக ஒரு பனியன் கொடுத்துவிட்டோம், மன்னிக்கவும், இனி நடக்காது. சங்கமும் மகிழ்ந்துபோய்க் கோப்பை மூடிவிடும். தும்மலும் இருமலுமாக இருக்கிற வீட்டுக்குப் பெரிய வியாதி வராது என்பது சங்கத்தின் நம்பிக்கை. ஒன்றுமே எழுதாத கல்லூரி எதையோ மறைக்கிறது என்பது அதன் மறுபாதி.

நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சங்கத்தின் கடிதம் வந்தது. உங்கள் அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சராசரியாகப் பதினான்கு மீறல்களைத் தெரிவித்திருக்கின்றன, நீங்கள் பூஜ்யம், வியாழக்கிழமை எங்கள் விசாரணை அதிகாரி வருவார் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தது.

விளையாட்டுத் துறைத் தலைவர் ராய்ஸ் பெண்டர்காஸ்ட் கடிதத்தோடு அவள் அறைக்குள் நுழைந்தார்.

"மூணு வருஷத்துல ஒண்ணுகூடவா இல்லை?"

"போன வருஷம் இதே சேதிக்குத்தான் எனக்குக் கேக் வெட்டினீங்க, ராய்ஸ்."

"அந்தக் கேக்தான் இப்ப வயித்தைக் கலக்குது. வியாழக்கிழமைக்குள்ள நாலஞ்சு வேணும். சின்னச் சின்னதா, பார்க்க லட்சணமா."

"பொய்யா எழுத முடியாது. விசாரணையில பொய் சொல்றதுக்குத்தான் விதிப் புத்தகத்துலயே பெரிய தண்டனை."

"பொய் சொல்ல யார் சொன்னா? தேடும்மா. நாலு மனுஷங்க நடமாடுற இடத்துல குப்பை இல்லாம இருக்குமா?"

குப்பை இருந்தது. அது வெர்னெட்டின் காரிலேயே இருந்தது.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நூறு மைல் ஓட்டிக்கொண்டு லிட்டில் ராக் நகரத்தில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்கப் போவாள். பக்கத்து இருக்கையில் எஸ்ரா டாலிவர் உட்கார்ந்து வருவான். முந்நூறு பவுண்டு எடை. அவன் குனிந்து பந்தைப் பின்னால் கொடுத்தால்தான் லார்க்ஹில்லின் ஆட்டமே தொடங்கும். அவனுடைய அம்மா ஒடெசா பக்கவாதம் வந்து அந்த ஊர்ப் பராமரிப்பு இல்லத்தில் படுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. போகிற வண்டி, காலி இருக்கை, ஏறிக்கொள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சொன்னாள். அப்படியே பழகிவிட்டது. சாதாரண மாணவன் ஏறினால் அது உதவி. ஆட்டக்காரன் ஏறினால் அது தனிச்சலுகை. இந்த வித்தியாசத்தை வருஷா வருஷம் எல்லோருக்கும் வகுப்பெடுத்தவளே அவள்தான்.

எழுதிக் கொடுப்பதில் அவளுக்கு ஒன்றுமில்லை. கண்டித்து ஒரு கடிதம் வரும், வாங்கிப் போட்டுக்கொள்வாள். ஆனால் எழுதிய நிமிஷத்திலிருந்து எஸ்ரா அணிச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்க முடியாது. சங்கம் பார்த்து மன்னிக்க வேண்டும். சங்கம் கடித உறையைக் கிழிக்கவே பத்து நாள் எடுத்துக்கொள்ளும். வருகிற சனிக்கிழமை கடைசி ஆட்டம். படிப்பு முடிக்கிற ஆட்டக்காரர்கள் எல்லாம் பெற்றவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்து வருகிற நாள் அது. ஒடெசாவுக்காகப் பராமரிப்பு இல்லம் சக்கர நாற்காலி ஏற்றும் வண்டி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தது. இரண்டு மணி நேரம் சாயாமல் உட்காருவதற்கு அவள் இரண்டு மாதமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே வேறு யாராவது ஏதாவது தப்பு செய்திருக்க வேண்டும். சங்கத்தின் வாயை அதைப் போட்டு அடைத்துவிடலாம். திருடனைப் பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள், ஒரே ஒரு திருடனைக் கண்ணில் காட்டு ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டாள்.

முதல் நம்பிக்கை தலைமைப் பயிற்சியாளர் டெல்மார் கிரிஷம். அங்கேதான் இடித்தது. கிரிஷம் ஊர் பாப்டிஸ்ட் சபையில் மூப்பர். ஆறு வருஷமாக லார்க்ஹில்லில் இருக்கிறார். இந்த வருஷம் பத்து ஆட்டத்தில் இரண்டு ஜெயித்திருந்தார். இவ்வளவு தோற்பதற்கு இவ்வளவு யோக்கியம் தேவையா என்று முடிதிருத்தும் கடையில் ஊரே கேட்டது.

செவ்வாய்க்கிழமை முழுக்க வெர்னெட் அவர் நிழலாகத் திரிந்தாள். மதியம் அவருடைய போன் அடித்தது. யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையனின் அப்பா.

"ஐயா, இந்த வாரம் உங்ககிட்ட நான் பேசக் கூடாது. கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிக் கிரிஷம் போனை வைத்துவிட்டார். பிறகு, ஆசீர்வதித்தது பேச்சில் சேருமா என்று அவளிடமே கேட்டார். சேராது என்றாள், வயிற்றெரிச்சலோடு.

சாயங்காலம் ஒரு பையன் கல்லூரியைப் பார்க்க வந்திருந்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வெர்னெட் கல்லூரித் தொப்பி ஒன்றை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். பையனும் ஏமாற்றவில்லை, எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஐம்பத்தெட்டு வயசு கிரிஷம் கார் நிறுத்துமிடம் முழுக்க அவன் பின்னால் ஓடி, தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"நல்லவேளை, பார்த்துட்டேன்" என்றார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "கோச், வாழ்க்கையில ஒரே ஒரு சின்னத் தப்பு பண்ணக் கூடாதா நீங்க?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மிஸ் வெர்னெட், சாத்தான் வேலையைச் சம்பளம் போட்டு உங்ககிட்ட ஒப்படைச்சுட்டாங்களா?"

புதன்கிழமை செய்தி கசிந்துவிட்டது. காலையிலேயே துணைப் பயிற்சியாளர்கள் அவள் அறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருவன் முகத்திலும் மாப்பிள்ளைக் களை. குற்றம் செய்தவன் என்றால் ஆள் பிடிக்கப் பாடுபடுகிறவன் என்று அந்தத் தொழிலில் அர்த்தம். நாளைக்கு வேறு கல்லூரியில் வேலை கேட்கும்போது உதவும்.

ஹோலிஸ் என்பவன்தான் முதலில் வந்தான். "நான் ஒரு பையனுக்குப் பன் வாங்கிக் கொடுத்தேன். அதுல கிரீம் சீஸ் வேற தடவினேன்." பாவமன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். "வெறும் பன் கொடுக்கலாம், தடவினா குத்தம்னு இருந்தது. அதை எடுத்துட்டாங்க. இப்ப தடவலாம்."

"ரொம்பக் கெட்டியாத் தடவினேனே."

"கெட்டியாவும் தடவலாம், ஹோலிஸ். அடுத்த ஆளை அனுப்பு."

அடுத்தவன் மாலை ஆறு மணிக்குமேல் ஒரு பையனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். அனுப்பலாம். இன்னொருவன் ஒரு பையனின் அம்மாவுக்குக் குடை பிடித்திருந்தான். பிடிக்கலாம். ஐந்து பேரும் நிரபராதிகளாகி முகம் வாடித் திரும்பிப் போனார்கள்.

அவள் தேடுவதை நிறுத்திவிட்டு, எடைப் பயிற்சிக் கூடத்துக்குப் போய் எஸ்ராவை வெளியே கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"யாருக்கும் தெரியாதே மேடம். நான் மூச்சு விட்டதில்லை. கோச்சுக்குக்கூடத் தெரியாது."

"எனக்குத் தெரியுமேடா. நாளைக்கு அந்த ஆள் முன்னாடி உட்கார்ந்து, மூணு வருஷமா இங்க ஒண்ணுமே நடக்கலைன்னு நான் எப்படிச் சொல்றது?"

"ம். சரிங்க மேடம்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான். "அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, இல்லை நீங்க சொல்றீங்களா? நீங்க சொன்னா அழமாட்டாங்க."

அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. ஏறச் சொன்னதும் தான், காட்டிக் கொடுப்பதும் தான். விதியைக் காப்பாற்றி யாருக்கு என்ன கிடைத்தது என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் தேதி வாரியாக ஒரு பயணம் விடாமல் எழுதினாள். பழக்கம் அப்படி.

வியாழக்கிழமை காலை, முறைப்படி அதன் பிரதி ஒன்றைக் கிரிஷமிடம் கொடுத்தாள். அவர் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார்.

"சனிக்கிழமை அவனால இறங்க முடியாதா?"

"முடியாது, கோச்."

"அவன் முன்னாடியே பயிற்சியாளர்கிட்ட அனுமதி கேட்டிருந்தா?"

"அப்ப தப்பு அவன் மேல இல்லை, அனுமதி கொடுத்த பயிற்சியாளர் மேல. மன்னிப்புக்குக் காத்திருக்க வேண்டாம், விசாரணைக்கு வர்றவரே பையனை அன்னைக்கே விட்டுருவார். ஆனா அவன் யார்கிட்டயும் கேக்கலையே."

"ம்" என்று சொல்லிக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணை அதிகாரி லைல் ப்ரூவிட் இளவயசு வக்கீல். கழுத்துப்பட்டியை ஒருமுறைக்கு இருமுறை சரிசெய்துகொண்டான். கல்லூரியின் சார்பில் குறிப்பெடுக்க வெர்னெட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அறிக்கையை அவன் ஏற்கெனவே படித்திருந்தான்.

"இந்தக் கார்ப் பயணங்களைப் பத்தி உங்களுக்கு எப்ப தெரிய வந்தது, கோச்?"

"ஆரம்பத்துலயே தெரியும்" என்றார் கிரிஷம். "பையன் என்கிட்ட கேட்டான். போய்ட்டு வாடான்னு நான்தான் சொன்னேன்."

வெர்னெட்டின் பேனா நின்றது. பத்தொன்பது வருஷ நீதிமன்ற வேலையில் ஒருநாளும் நின்றதில்லை.

"அது விதிக்கு விரோதம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நல்லாவே தெரியும்."

"தெரிஞ்சேவா அனுமதி கொடுத்தீங்க?"

"ஆமா, தெரிஞ்சேதான்." அவர் யாரையும் பார்க்கவில்லை. காது இரண்டும் சிவந்துகிடந்தன. சின்ன வயசில்கூடப் பொய் சொல்லிப் பழகாத மனுஷன். அந்த நிமிஷம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ப்ரூவிட் அவள் பக்கம் திரும்பினான். "மிஸ் ஹாப்குட், இதை எழுதிட்டீங்களா?"

ஒரு வார்த்தை போதும். இல்லை, இவர் சொல்வது பொய், பையன் யாரிடமும் கேட்கவில்லை என்று அவள் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

"எழுதிட்டேன்" என்றாள். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலமே தீர்ப்பு வந்துவிட்டது. எஸ்ரா மேல் குற்றமில்லை. வெர்னெட்டுக்குக் கண்டனக் கடிதம். தலைமைப் பயிற்சியாளர் கிரிஷம் சனிக்கிழமை மைதானத்தின் பக்கமே வரக் கூடாது.

சனிக்கிழமை எஸ்ரா தன் அம்மாவின் நாற்காலியை மைதானத்தின் நடுவரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். ஒடெசா கடைசிவரைக்கும் சாயவில்லை. வெர்னெட் வெட்கம் பார்க்காமல் அழுதாள். லார்க்ஹில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. வீட்டில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்ட கிரிஷம், நான் இல்லாதபோதுதான் ஜெயிக்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னாராம்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பையனுக்காக விதியை உடைத்த வீரன்! முடிதிருத்தும் கடைக்காரர் ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு எழுந்து நாற்காலி போட்டார். சிக்னலில் ஹாரன் அடித்து வணக்கம் சொன்னார்கள். ராய்ஸ் அவருடைய ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டினார்.

"இந்த மனுஷனுக்கு ரத்தம் ஓடுதான்னே எனக்குச் சந்தேகமா இருந்தது" என்று வெர்னெட்டிடம் சொன்னார். "நீயும் கெட்டிக்காரிதான். ஒண்ணே ஒண்ணு பிடிச்ச, முத்து மாதிரி!"

தங்கள் தவறைத் தாங்களே ஒப்புக்கொள்ளும் பண்பு லார்க்ஹில்லில் நன்றாக வேரூன்றியிருக்கிறது என்று சங்கமும் தீர்ப்போடு பாராட்டி எழுதியிருந்தது. மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை சபையில், மனசில் பாவம் இருக்கிறவர்கள் தொடக் கூடாத திருவிருந்து அப்பமும் திராட்சை ரசமும் வந்தபோது கிரிஷம் எடுத்துக்கொள்ளாமல் தட்டைப் பக்கத்து ஆளுக்கு நகர்த்திவிட்டார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

தீர்ப்பின் கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. தவறு செய்த பயிற்சியாளர் ஒரு மணி நேரம் விதி வகுப்பில் உட்கார வேண்டும். எடுப்பவர் கல்லூரியின் விதி அதிகாரி.

திங்கட்கிழமை காலை, நாற்பது நாற்காலி போட்ட கூட்ட அறையில் அவர் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவள் புத்தகத்தைத் திறந்து பனியன், தொப்பி, பன், கார் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போனாள். கடைசி அத்தியாயம் வந்ததும் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினாள்.

"ஒரு பக்கத்தை விட்டுட்டீங்க, மிஸ் வெர்னெட்."

"அது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே, கோச்."

"படிங்க. சத்தமாப் படிங்க."

விசாரணையில் பொய் சொல்லுகிறவர்களுக்கான தண்டனையை அவள் படித்தாள். மன்னிக்கவே முடியாத குற்றங்களில் முதலாவது அது என்றும், தொழிலே போய்விடும் என்றும் இருந்தது. அவர் பிரசங்கம் கேட்பதுபோலக் கைகளை மடியில் கோத்துக்கொண்டு கடைசி வார்த்தைவரை கேட்டார்.

"அது பொய்னு தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறவங்களைப் பத்தி அதுக்குக் கீழே ஒரு பத்தி இருக்குமே?" என்றார்.

"இருக்கு."

"அதைக் கொடுங்க. அதை நான் படிக்கிறேன்."

புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுக்கு வாசிக்க ஆரம்பித்தார்.