வலிக்கிறது என்றாள்

எங்கள் வீட்டில் பயப்படுவது என் இலாகா. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா, படியில் பனி உறைந்திருக்கிறதா, எல்லாம் என் தலையில்தான். என் நாத்தனாருக்கு அந்தக் கவலையே கிடையாது. அவளுக்குத் தபால் கொடுக்கும் வேலை. மழையோ பனியோ, தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பாள். நாய் துரத்தினால் நின்று நாயைத் திட்டுவாள். நான் துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து மற்றவர்களின் பேன்ட் நீளத்தைக் குறைப்பவள். இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக் கூடத்தில் அந்த அறிவிப்பைப் பார்த்தது நான்தான். குளிர்காலத்தில் வெளியே போனால் பிழைத்து வருவது எப்படி, ஆறு வாரப் பயிற்சி, இலவசம். கற்றுக்கொண்டால் பயம் குறையும் என்று ஒரு நப்பாசை. துணைக்கு நாத்தனாரை இழுத்தேன்.

"இலவசம்னு போட்டிருந்தா அண்ணி பல்லு பிடுங்கக்கூட வரிசையில நிப்பாங்க" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

சொல்லிக்கொடுத்தவள் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். நாத்தனார் அவளுக்கு விசிலக்கா என்று பெயர் வைத்தாள். ஈர விறகில் நெருப்பு மூட்டுவது, உடுப்பை அடுக்கடுக்காகப் போடுவது, திசைகாட்டி பார்ப்பது என்று வாரம் ஒன்று. திசைகாட்டியில் பன்னிரண்டு பேரில் நான்தான் முதல். துணியில் நேர்கோடு பிடித்துப் பழகிய கண் எனக்கு. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வகுப்பில் முதல் ஆள் என்றால் தலை நிமிரத்தானே செய்யும். நிமிர்ந்தது.

மற்ற வகுப்புகளெல்லாம் வார நாட்களில், மாலையில், வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டுப் போவோம். கடைசி வகுப்பு மட்டும் சனிக்கிழமை மதியம், ஊருக்கு வெளியே காட்டில். சனிக்கிழமை எனக்கு இரண்டு மணி வரை கடை. மேசையிலிருந்து எழுந்து அப்படியே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். ஜோடிக்கு ஒரு திசைகாட்டி, ஒரு விசில். இரண்டு கிலோமீட்டர் தள்ளி மரக்குடில் ஒன்று இருக்கிறது, அங்கே அடுப்பும் சூப்பும் தயார். முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்றாள் விசிலக்கா. திசைகாட்டியை இடது உள்ளங்கையில் வைத்து, முள்ளைச் சரிபார்த்து, நான் முன்னால் நடந்தேன். நாத்தனார் பின்னால் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பனி பூப்போலத்தான் விழ ஆரம்பித்தது.

முக்கால் மணி ஆயிற்று. குடில் இல்லை.

"அண்ணி, முன்னாடி காத்து இடது கன்னத்துல அடிச்சுது. இப்ப வலது கன்னத்துல அடிக்குது."

"காத்து மாறியிருக்கும்."

"நாம மாறலயே?"

"முள்ளு இம்மி அசையல. நீயே பாரு" என்று காட்டினேன். அசையவில்லைதான். அவள் தோளைக் குலுக்கிவிட்டு வந்தாள். அண்ணி சொன்னால் கேட்டுக்கொள்வது என்று அவளுக்கு ஒரு பழக்கம், கேலி செய்தாலும்.

கொஞ்ச தூரத்தில் அவளுடைய வலது கால் பொசுக்கென்று உள்ளே போனது. பனிக்கு அடியில் ஓடை. முழங்கால் வரை நனைந்து, பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. நனைந்ததை உடனே கழற்று என்று மூன்றாம் வாரம் படித்திருக்கிறோம். எனக்கு ஞாபகமும் இருந்தது. ஆனால் முள் இம்மி பிசகாமல் நேரே காட்டிக்கொண்டிருந்தது. குடில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், அடுப்பு இருக்கிறது.

"அஞ்சு நிமிஷம்டி. அங்க போய் கழட்டிக்கலாம்."

அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமாக நீண்டது. அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். வலது காலைத் தூக்கி வைக்காமல் இழுத்துக்கொண்டு வந்தாள். போனில் டவர் ஒரு கோடுகூட இல்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுவதற்காகத் திசைகாட்டியை வலது கைக்கு மாற்றினேன். முள் சர்ரென்று சுற்றி வேறு பக்கம் போய் நின்றது. இடது கைக்குக் கொண்டுவந்தேன். பழையபடி திரும்பியது. மறுபடி வலது, மறுபடி இடது. கோட்டின் இடது கையை மேலே தள்ளினேன்.

மணிக்கட்டில் என் ஊசிப் பட்டை. குண்டூசிகள் சிதறாமல் இருக்கத் தையல்காரர்கள் கட்டிக்கொள்கிற காந்தப் பட்டை. பதினோரு வருடமாகக் கட்டுகிறேன், கையில் இருப்பதே தெரியாது. நாலைந்து ஊசிகூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. முள் வடக்கைக் காட்டவே இல்லை. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையையே காட்டி, சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

திரும்பிப் போகலாமென்றால் எந்தப் பக்கம்? எங்கள் கால்தடம் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். திசைகாட்டியை அதன் பக்கத்தில் கொண்டுபோய், முள் திரும்புவதைக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இதுக்குத்தான் முதல் மார்க்கு குடுத்தாளா விசிலக்கா."

"சிரிக்காத. உன் கால்..."

"விடுங்க அண்ணி. தொலைஞ்சுட்டோம்னு தெரிஞ்சா நில்லுன்னு சொன்னாங்கல்ல, நிப்போம்."

விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் மறைவில், கிளைகளைப் பரப்பி உட்கார்ந்தோம். அவள் பூட்ஸைக் கழற்றப் பெரும்பாடாகிவிட்டது, கயிறு உறைந்திருந்தது. கால் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. என் கோட்டைத் திறந்து, ஸ்வெட்டரைத் தூக்கி, அந்தக் காலை என் வெறும் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டேன். மூச்சு நின்று வந்தது எனக்கு. அவளுக்கோ சூடு பட்டதாகவே தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வலித்தால் நல்லது, வலி நின்றால்தான் கவலைப்பட வேண்டும் என்று விசிலக்கா சொன்னது அப்போதுதான் காதுக்குள் கேட்டது.

கையை உள்ளே விட்டு விரலைக் கிள்ளினேன். "வலிக்குதா?"

"வலிக்குது."

"வலி நின்னா உடனே சொல்லிடு. நான் போய் யாரையாவது கூட்டிட்டு வந்துடறேன்."

"எங்க போவீங்க? திசை தெரியுமா?"

"எங்கயாவது போவேன். உன் காலு போச்சுன்னா உங்க அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? உன் வேலையே காலுதானேடி."

அவள் என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் மூன்று முறை விசில் ஊதினேன், நிறுத்தினேன், காதைத் தீட்டிக் கேட்டேன். பனி விழுகிற சத்தம்கூட இல்லை. கிள்ளினேன். வலிக்குதா? வலிக்குது. மறுபடி விசில். இப்படியே எத்தனை முறை என்று தெரியாது. மரங்கள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போயின. இந்தப் பயிற்சிக்கு அவளை இழுத்து வந்தவள் நான், வழி காட்டியவள் நான், நனைந்த காலோடு நடக்கவிட்டவள் நான்.

உதடு மரத்துவிட்டது. விசில் வாயில் நிற்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்து ஊத வேண்டியிருந்தது. ஊதி முடித்துவிட்டு, பழக்கத்தில் கேட்டேன்.

"வலிக்குதா?"

"ஆ... நல்லா வலிக்குது அண்ணி. கொஞ்சம் மெதுவா கிள்ளுங்க."

என் இரண்டு கைகளும் விசிலில் இருந்தன.

மெல்லக் கையை உள்ளே விட்டு, நகம் பதிகிற மாதிரி, என் பலம் முழுவதையும் கொடுத்துக் கட்டைவிரலைக் கிள்ளினேன். அவள் முகத்தையே பார்த்தேன். கண்கூடச் சிமிட்டவில்லை அவள். நான் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.

இப்போது நான் எழுந்து போக வேண்டும். வாய் கிழியச் சொன்னேன் அல்லவா, போவேன் என்று. எதிரே பார்த்தேன். மரம், அதற்குப் பின்னால் மரம், அதற்குப் பின்னால் ஒன்றுமே தெரியாத கறுப்பு. அதற்குள் தனியாக நடக்க என்னால் முடியாது. அவளுக்காகக்கூட முடியாது. பிரிந்து போகக் கூடாது என்று பாடம் இருப்பது உண்மைதான். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது பாடத்துக்காக அல்ல.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்குது" என்றாள்.

"அப்ப பயமில்ல" என்றேன்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரமோ. அரை மணியாவது இருக்கும். தூரத்தில் விசில், மூன்று முறை. பிறகு விளக்கு வெளிச்சம் மரங்களுக்கிடையில் ஆடி ஆடி வந்தது. விசிலக்காவும் இன்னும் மூன்று பேரும் பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். விசிலக்கா மண்டியிட்டு, என் ஸ்வெட்டருக்குள்ளிருந்து காலை எடுத்து விளக்கை அடித்தாள். முகம் மாறியது.

"உணர்ச்சி இருக்கா?"

"இருக்கு" என்றாள் நாத்தனார் முந்திக்கொண்டு.

"இல்ல" என்றேன். "அரை மணி நேரமாவே இல்ல. அதுக்கும் மேலயே இருக்கும்."

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விசிலக்கா எதுவும் கேட்காமல் காலைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள், மிக வேகமாக. வாக்கி டாக்கியில் யாரிடமோ பேசினாள், ஆம்புலன்ஸை நேரே சாலைக்கு வரச் சொன்னாள். நாத்தனாரை வண்டியில் படுக்கவைத்துப் பட்டைகளால் கட்டினார்கள். நான் பக்கத்திலேயே நடந்தேன்.

"தெரிஞ்சுதான் கேட்டுட்டு இருந்தீங்களா?" என்றாள் மெதுவாக.

"நீ ஏன்டி வலிக்குதுன்னு சொன்னே?"

அவள் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் கோட்டு நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கலன்னு சொன்னா நீங்க போயிடுவீங்க அண்ணி. அங்க தனியா இருக்க எனக்குப் பயமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்குக் கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. நான் எங்கேயும் போயிருக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அந்தக் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன்.