தூங்குமூஞ்சி விதி

விலகும் படங்களின் பட்டியல் திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. நாற்பத்தொரு படங்கள். மாதக் கடைசியோடு உரிமம் முடிகிற இவற்றில் எதை இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்வது, எதை வழியனுப்புவது என்று வெள்ளிக்கிழமைக்குள் அவள் குறித்துக் கொடுக்க வேண்டும். டிவியிலும் போனிலும் படமும் தொடரும் காட்டுகிற அந்த நிறுவனத்தில் பத்து வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். பெயரில் என்ன இருக்கிறது, நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பினால் சரி என்று இருக்கும் வயது வந்துவிட்டது. பட்டியலின் பதினேழாவது வரிக்கு வந்தபோது மேசையில் டீ ஆறிப் போயிருந்தது. அந்த வரியில் அப்பாவின் படம் இருந்தது.

அப்பா அதில் நடித்தவரும் இல்லை, அதை எடுத்தவரும் இல்லை. அதைப் பார்ப்பவர், அவ்வளவுதான் உறவு. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய சிரிப்புப் படம். ஒரு வீட்டுக்காரரும் அவர் மாடியில் குடியிருக்கும் குடும்பமும் இரண்டேகால் மணி நேரம் சண்டை போட்டுக்கொள்வார்கள். அது வெளிவந்த காலத்தில் அப்பா அதைத் தியேட்டரில் ஐந்து தடவை பார்த்தவராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். முப்பது வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் காலுக்கு உத்தரவு போட்டவர். அந்த வாய்க்கு வீட்டிலும் ஓய்வு கிடையாது. குளிக்கிற பக்கெட் நிரம்புவதைக்கூட "மெதுவா, மெதுவா, போதும்" என்று அறிவித்துக்கொண்டே இருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் தேய்த்துவிட்டு வந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதோடு வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. சொல்ல நினைப்பது கண்ணில் தெரியும், உதடு ஒரு வடிவத்துக்கு வரும், அப்புறம் "அ… அ…" என்று நின்றுவிடும். வேண்டாத நேரத்தில் தொணதொணக்கிறார் என்று தான் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறோம் என்பதை அவள் அந்த மாதங்களில் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டாள். நினைத்து என்ன ஆகப் போகிறது.

ஒரு நாள் தற்செயலாக அந்தப் படம் ஓடியது. மாடிக்குடித்தனக்காரர் மனைவி, "சார், ஒரே ஒரு காலண்டர் மாட்டத்தான்…" என்று இழுக்க, வீட்டுக்காரர் விரலைத் தூக்குவதற்குள் நாற்காலியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "யாரைக் கேட்டு ஆணி அடிச்சீங்க?" ஒரு எழுத்து பிசகவில்லை. அம்மா கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு முறை வருகிற பெண்ணுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. "பழகின பாட்டு, வசனம் எல்லாம் மண்டையில வேற மூலையில இருக்கும்மா. இந்தப் பக்கக் கதவு திறக்கலைன்னா அந்தப் பக்கமா வரட்டும். தினம் போடுங்க" என்றாள். தினமும் பத்து மணிக்குப் படம் ஓடத் தொடங்கியது. அப்பாவுக்கு ஏதாவது வசனம் தவறிவிட்டால் அம்மா ரிமோட்டில் பத்து வினாடி பின்னால் தள்ளுவாள், அவர் பிடித்துக்கொள்ளும்வரை தள்ளிக்கொண்டே இருப்பாள். ஆறு மாதத்தில் வீடு அந்தப் படத்தின் வசனத்தில் குடித்தனம் நடத்தப் பழகியது. தாகம் என்றால் "மாடிக்குத் தண்ணி ஏறல சார்." கோபம் என்றால் ஆணி. யாராவது வந்தால் "உட்காருங்க, பேசித் தீர்த்துக்கலாம்." போன மாதம், படத்தில் இல்லாத ஒரு சொல்லை வசனத்துக்கு நடுவில் செருகினார். "யாரைக் கேட்டு லைட்டைப் போட்டீங்க?" பயிற்சிப் பெண் குறிப்பேட்டில் அதைக் கோடிட்டு எழுதிக்கொண்டு போனாள். ஒன்று மாறினால் மற்றதும் மாறும், விட்டுவிடாதீர்கள் என்றாள்.

அந்தப் படம்தான் பதினேழாவது வரியில் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் மூன்று மாதத்தில் எத்தனை வீடுகள் பார்த்தன என்ற எண். பத்தொன்பது.

பழைய படங்களுக்கு இவர்கள் இடத்தில் என்ன மரியாதை என்று அவளுக்குத் தெரியாதா. முகப்பு வரிசைகளை அடுக்குவதும் அவள் பிரிவுதான். இரண்டு சொந்தத் தொடர், மூன்றாவதாக ஒரு வாங்கி வந்த படம், மறுபடி இரண்டு சொந்தத் தொடர். தெரிந்த படத்தைத் தேடித்தான் ஜனம் வரும். வந்த கை மூன்றாம் இடத்துக்குப் போகிற வழியில் நம் தொடரைத் தொட்டுவிட வேண்டும். தொட்டால் ஓடத் தொடங்கிவிடும், ஓடத் தொடங்கினால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். தொடர் என்றைக்கும் வீட்டுப் பிள்ளை, படம் உரிமம் முடிந்தால் பெட்டியைத் தூக்க வேண்டிய விருந்தாளி.

ஆனால் பத்தொன்பது என்பது குறைச்சலாகத்தான் இருந்தது. அவள் வீடே தினமும் பார்க்கிறதே, அது இந்தப் பத்தொன்பதில் இருக்கிறதா என்று பார்க்க வீட்டின் எண்ணைத் தேடினாள். இல்லை. இன்னொரு முறை தேடினாள். அப்புறம்தான் உறைத்தது. அதைக் கணக்கிலிருந்து எடுத்துப்போட்டதே அவள்தான்.

நாலு வருடத்துக்கு முன்னால், அப்பா வாயாடியாக இருந்த காலத்தில், அவள் எழுதிய விதி அது. ஒரே வீட்டில் ஒரே படம் வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் ஓடினால் அது பார்வை ஆகாது. டிவியை அணைக்காமல் தூங்கிப்போகிறவர்களால் பழைய படங்களின் எண் ஊதிக் கிடக்கிறது, எங்கள் தொடர் அடிபடுகிறது என்று தொடர்காரர்கள் குறைப்பட்டபோது கொண்டு வந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று, "ஒரே படம் வாரத்துக்கு நாலு தடவை ஓடுற வீட்டுல எதிர்ல உட்கார்ந்திருக்கிறது மனுஷனா நாற்காலியா?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. தூங்குமூஞ்சி விதி என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வும் வந்தது.

தன் வீடு ஒன்றுதான் விடுபட்டிருக்கும் என்று நினைத்து விதியை நீக்கிவிட்டு எண்ணிப் பார்த்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் வந்து நின்றன. பெயர் கிடையாது, ஊர் கிடையாது, நீளமான எண்கள் மட்டும். ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு வீட்டில் தினமும் மத்தியானம் மூன்றுக்குத் தொடங்கி ஐந்தேகாலுக்குப் படம் முடிந்ததும் டிவி அணைகிறது. இன்னொரு வீட்டில் முதல் அரை மணி நேரம் மட்டும், நாள் தவறாமல். ஒரு வீட்டில் கடைசிக் காட்சியை நாற்பது தடவை பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். அது ஏன் என்று அவளுக்கு எப்படித் தெரியும். தெரிந்தது ஒன்றுதான். தூங்குகிறவர்கள் பத்து வினாடி பின்னால் போக மாட்டார்கள். மற்ற படங்களைத் திறந்து பார்க்கத் தைரியம் வராமல், ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

மேலாளரை எல்லோரும் சராசரி என்பார்கள். எதைக் கேட்டாலும் சராசரி என்ன என்று கேட்பவர் என்பதால். கெட்டவர் இல்லை. அப்பா விழுந்த மாதத்தில் அவளுடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்தான். அவள் காட்டியதை முழுதாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல உங்க வீட்டு நம்பர் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப இதை நான் எப்படி மேல கொண்டு போறது? எங்கப்பா பார்க்கிறார், அதனால விதியை மாத்துங்கன்னா?"

"எங்க வீட்டை எடுத்துடுங்க. மீதி அறுநூத்துப் பதினொண்ணு இருக்கே."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நாலு வருஷத்துல இந்த விதியை வெச்சு எத்தனை படத்தைத் தூக்கியிருப்பீங்க?"

"ஆயிரத்து இருநூறு இருக்கும்."

"அத்தனையும் தப்புன்னு எழுதப் போறீங்களா? போட்டது நீங்க. கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க." குரலில் மிரட்டல் இல்லை, அலுப்புதான் இருந்தது. "அடுத்த காலாண்டுல மெதுவா எடுத்துக்கலாம்மா. இப்ப விடுங்க."

அவள் விட்டுவிடத்தான் நினைத்தாள். அன்று சாயங்காலம் பழைய டிஸ்க் விற்கிற கடைகளுக்கு அலைந்தாள். ஒரே ஒரு கடையில் கிடைத்தது, பெயர்கள் ஓடி முடிவதற்குள் நின்றுபோனது. நெட்டில் தேடினால் இரண்டு பாட்டுதான் இருந்தது. படத்தை எடுத்த கம்பெனி என்றைக்கோ மூடிவிட்டது. கிடைத்த எண்ணுக்குப் போன் செய்தால் யாரோ தூக்கக் கலக்கத்தில் தவறான எண் என்றார்கள். புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, டிவி முன்னால் போனை நிறுத்தி இரண்டேகால் மணி நேரம் படம் பிடித்தாள். வேலைக்குச் சேரும்போது இதைச் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள்தான். பிடித்ததிலும் முகங்கள் வெளிச்சத்தில் வெளுத்துப்போயிருந்தன. வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்பா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவருக்குக் குரல் போதாது, வாய் அசைவது தெரிய வேண்டும். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"இங்க மூலையில சிவப்பா என்னவோ எழுதியிருக்கே. அஞ்சு நாள்தான்னு போட்டிருக்கு" என்றாள் அம்மா, டிவியைக் காட்டி.

"அஞ்சு நாள்ல போயிடும்மா."

"எங்க போகும்?"

எங்கேயும் போகாது. யாரும் பார்க்க முடியாத ஓர் அலமாரியில் இருக்கும், அவ்வளவுதான். அந்தச் சிவப்பு எழுத்தை வைக்கச் சொன்னதும் அவள்தான். போகப் போகிறது என்று தெரிந்தால் அவசரத்தில் ஜனம் வரும், வந்த கை தொடரைத் தொடும்.

வியாழக்கிழமை எழுதிவிட்டாள். சராசரிக்கு மேலே இருப்பவர்களுக்கு, தன் பெயரிலேயே. விதி தவறு, எழுதியவள் நான், கணக்கிலிருந்து நீக்கப்பட்டவர்கள் விழித்திருந்தவர்கள் என்று மூன்றே வரி. இதனால் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள், பயமும் வந்தது, பயத்தோடு அனுப்பினாள். பட்டியலில் பதினேழாவது வரிக்கு எதிரே 'வைக்கவும்' என்று குறித்தாள். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. பார்த்தோம், அடுத்த காலாண்டு ஆய்வில் சேர்க்கப்படும். பட்டியலும் திரும்பி வந்தது. பதினேழில் அவள் போட்ட குறியை யாரோ அழித்திருந்தார்கள். பத்து வருடத்தில் கத்தரிக்கோலை வேறு கை பிடித்தது அதுதான் முதல் தடவை.

முதல் தேதி அவள் வேலைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு அப்பா வழக்கம்போல வந்து உட்கார்ந்தார், சட்டைப் பொத்தானை இடது கையால் சரிசெய்துகொண்டார். படம் இருந்த இடத்தில் புதிய தொடர் ஒன்று இருந்தது, நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. அதிலும் ஒரு வீட்டுக்காரர், அதிலும் மாடிக்குடித்தனம். வீட்டுச்சண்டைப் படங்களை ஜனம் விரும்புகிறது என்று போன வருடம் அவள் கொடுத்த குறிப்பை வைத்து எடுத்தது. அம்மா கை பட்டதும் அது தானாக ஓடத் தொடங்கியது. அழகான ஆட்கள், பளபளக்கும் சுவர். அப்பா உதட்டைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர்கள் வேறு எதையெதையோ பேசினார்கள். ஐந்து நிமிடம் கழித்து அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். கை தவறி வேறு எதையோ போட்டுவிட்டாய் என்கிற பார்வை.

"நீ அங்கதானே இருக்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மா, அவளைப் பார்க்காமல்.

"சொன்னேன்மா."

அம்மா டிவியை அணைத்துவிட்டாள். அப்பா இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அ… அ…" என்றார். அந்தச் சத்தத்தை அவர்கள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவள் எழுந்து டிவிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் காதில் விழுந்த படம்தான், ஒரு முறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

"சார், ஒரு காலண்டர் மாட்டலாம்னு…" என்றாள்.

அப்பா புருவத்தைச் சுருக்கினார்.

"அப்படி இல்லடி" என்றாள் அம்மா, பின்னாலிருந்து. "ஒரே ஒரு காலண்டர் மாட்டத்தான். மாட்டத்தான்னு இழுக்கணும். கையைப் பிசைஞ்சுகிட்டே சொல்லுவா."

அவள் இரண்டு கையையும் பிசைந்துகொண்டாள். வாய் நன்றாகத் தெரியும்படி முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"சார், ஒரே ஒரு காலண்டர் மாட்டத்தான்…"

அப்பா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த இடது கை மெல்ல நகர்ந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் தனியாகப் பிரிந்து, மேலே எழும்பத் தொடங்கியது.