கிரேன்காரனின் கட்டைவிரல்

டுஷானின் வலக்கையில் மாட்டிய கையுறை இருபது நிமிடமாக உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே பொடிப்பொடி மோட்டார்கள். எலும்பு வரை அதிர்ந்தது. பக்கவாதம் அடித்து ஏழு மாதமாகச் செத்துக் கிடக்கும் கை.

அவன் கண் கையுறையில் இல்லை. எதிரே, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டிருந்த ஃபெரிஸ் மேல் இருந்தது. இருவரும் ஹாமில்டனில் ஒரே இரும்பாலை. முப்பது வருஷம் டுஷான் உலை வாயில் மண்வெட்டியோடு வெந்தான். ஃபெரிஸ் மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்தபடி சம்பாதித்தான். பக்கவாதம் இருவரையும்தான் அடித்தது; கையும் அவனுக்குத்தான் முதலில் திரும்புகிறது.

"மூணு பட்டன், பாத்தியா? வேணும்னா உனக்கும் போட்டுவிடறேன்டா."

"முப்பது வருஷம் ரெஸ்ட் எடுத்த கைதானே. ஏன் எந்திரிக்காது?"

ஆராய்ச்சிக்காரி லொரெய்ன் கையுறையைக் கழற்றி, கட்டைவிரலடியில் தசைத் துடிப்பை அளக்கும் மின்ஒட்டுகளை ஒட்டினாள். தலைமேல் காந்தச் சுருளை வைத்துச் சொடுக்கினால் மூளை விரலை உதைக்கும். திரையில் அலை எழும். போன வாரத்தைவிட அலை உயர வேண்டும். உயராவிட்டால் திங்கள் முதல் கையுறை கிடையாது. ஃபெரிஸின் அலை இரண்டு மடங்காகியிருந்தது.

"கையத் தளர்வா விடுங்க, டுஷான்."

தளர்ந்த கைக்கு எந்த ஆலையில் கூலி கொடுத்தார்கள்? டுஷான் பல்லைக் கடித்து, கட்டைவிரலைத் தொடையில் அழுத்தப் பார்த்தான். சொடுக்கு விழுந்தது. அலை திரையின் உச்சிக்கு எகிறியது. ஃபெரிஸின் முகம் சுருங்கியதைப் பார்க்க டுஷானுக்கு வயிறு குளிர்ந்தது.

"இது செல்லாது," என்றாள் லொரெய்ன். "சொடுக்குறதுக்கு முன்னாடியே கோடு நடுங்குது. இறுக்கினா அலை தானா பெருசாகும்."

"நான் இறுக்கல."

"இறுக்கினீங்க." முதல் நாள் தாளைப் புரட்டியவள் நிமிர்ந்தாள். "அன்னிக்கு எவ்வளவு சொல்லியும் உங்களால இறுக்க முடியல."

டுஷான் குனிந்து பார்த்தான். விரல் தொடையில் அமுங்கியே இருந்தது. விட்டால் அந்தப் பிடி மறுபடி வருமா?

"இப்ப விடுங்க. தளர்ந்தாத்தான் அளக்க முடியும்."

அவன் விடவில்லை.

"விடுடா கிழவா," என்றான் ஃபெரிஸ். "கிரேன் கயிறு மாதிரி. மெதுவா இறக்கு. எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு."

அவன் சொல்லியா கேட்பது? ஆனாலும் டுஷான் மெதுவாக இறக்கினான். சொடுக்கு. சின்ன அலைதான், போன வாரத்தைவிட ஒரு விரற்கடை உசரம்.

"திங்கக்கிழமை வாங்க," என்றாள் லொரெய்ன்.

"என்னோடதுல பாதி கூட இல்ல," என்றான் ஃபெரிஸ்.

வீடு போகும் பஸ்ஸில் டுஷான் கட்டைவிரலைத் தொடையில் அழுத்திப் பார்த்தான். அமுங்கியது. பாதி கூட இல்லை என்றதுதான் வழியெல்லாம் குடைந்தது.