கொலினின் தொப்பி

“அப்பா, சுடக்கூடாத இடம் எதெண்டு வாத்துக்குத் தெரியுமோ?”

ஏழு வயதில் றொசானா கேட்டது. நொயல் துடுப்பை நிறுத்தாமலே, “அதுக்குத் தெரியாது. தெரிஞ்ச நாங்கள்தான் பார்த்துப் போகவேணும்” என்றார்.

இப்போது அவள் அவருடைய வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். முந்தாநாள் கிரான்பர்ன் வீட்டுக் கராஜில், தன் சிறு படகைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இல்லை. நாளை அடக்கம். உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் மாலை நாலு மணிக்குள் உடுப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

தம்பி றொகான் ஆரஞ்சுத் தொப்பியொன்றைக் கொண்டுவந்து சட்டைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“இதையும் குடு. பெட்டிக்குள்ள வைப்பம். டாட் இது இல்லாமல் எங்க போனவர்?”

செபமாலையோடு கதிரையில் இருந்த மரியமலர் நிமிர்ந்தாள்.

“அது கொலின்ர தொப்பி. இரவல் சாமானோட மனுசனை அனுப்பேலாது.”

“இருபது வருசம், அம்மா! அந்தாள் எப்பவோ மறந்திருக்கும்.”

“கொப்பர் மறக்கேல்லையே.”

அந்தக் கதை மூவருக்கும் தெரியும். சண்டைக் காலத்தில் மன்னார்க் கடலில் போகப் பழகியவர் நொயல். கறுத்த உடுப்பு, வெளிச்சம் இல்லை, பேச்சு இல்லை. ஒருவர் கண்ணிலும் படாதவன்தான் கரை சேருவான். இந்த நாட்டுக்கு வந்து முதல் வாத்து வேட்டைக் காலத்திலும் அப்படியே, சாம்பல் சட்டையோடு, சத்தமில்லாமல் ஏரி நாணலை ஒட்டிப் படகில் போனார். நாணலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரர் குறிவைத்த துவக்கைத் தாழ்த்தியபடி எழுந்தார். தன் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி நொயலின் தலையில் வைத்தார். அவர்தான் கொலின். “நெக்ஸ்ட் சீசன் தா” என்றார். ஒவ்வொரு வருடமும் நொயல் நீட்டுவார். ஒவ்வொரு வருடமும் கொலின், “நெக்ஸ்ட் சீசன், மேட்” என்பார்.

கோயில் குடும்பங்களை ஏரிக்குக் கூட்டிப்போகும் இந்த வருடத் திட்டம் குசினியில், பிரிட்ஜில் ஒட்டியிருந்தது. நொயலின் கையெழுத்து.

பத்து மணிக்கு முந்தி ஒருவரும் இறங்கக்கூடாது. எல்லாரும் ஆரஞ்சு. தெற்கு நாணல் வேண்டாம், அங்கே சுடுவார்கள். வடக்கே சரணாலயப் பக்கம். வாய்விட்டுப் பாடிக்கொண்டு போகவும்.

கடைசி வரி: தொப்பி குடுக்க வேணும்.

றொசானா அயன்பெட்டியை அணைத்தாள்.

“றொகான், படகைக் காரில ஏத்தித் தா.”

“இண்டைக்கோ? ஆர் யூ சீரியஸ்?”

“நாலு மணிக்கு முந்தி வந்திடுவன்.”

மரியமலர் தடுக்கவில்லை. “சட்டையைக் கொழுவிப்போட்டுப் போ. கசங்கும்” என்றாள்.

பத்து மணி கழிந்து ஐந்து நிமிடம் வரை றொசானா ஏரிக்கரையில் காருக்குள் இருந்தாள். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு படகை இறக்கினாள். திட்டத்துக்கு மாறாக, கொலின் வழக்கமாக இருக்கும் தெற்கு நாணல் பக்கம் திரும்பினாள். கொலினிடம் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள்.

கொலின் அங்கே இல்லை. பட்ட மரமொன்றில் கட்டிய பலகை இருக்கையும், அதில் சுட்டு முடிந்த இரண்டு தோட்டாக் கோதுகளும் இருந்தன. பலகைக்குமேல் ஓர் ஆணி.

அடக்க அறிவித்தல் தாளை மடித்துத் தொப்பிக்குள் செருகினாள். தொப்பியை ஆணியில் கொழுவினாள். காற்றுக்கு விழாதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

திரும்பிக் கொஞ்சத் தூரம் வந்தபிறகுதான் தன்னைப் பார்த்தாள். துக்கத்துக்கு உடுத்த கறுப்புச் சட்டை. அதன்மேல் கடுநீல மிதவை அங்கி. தலையில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு வெடி கேட்டது. வாத்துக் கூட்டமொன்று எழும்பி வடக்கே போனது.

கோயிலில் எல்லோரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைக்கிறவள் றொசானா. மாதா பாட்டொன்றை மெல்லத் தொடங்கினாள். பிறகு நாணல் முழுக்கக் கேட்கும்படி பாடினாள். மூன்றாம் அடி நினைவுக்கு வரவில்லை. முதலாம் அடியையே திரும்பத் திரும்பப் பாடினாள், கரை வரும்வரை.