ஏழாவது அறையின் நெடி

வடதிசை திரும்புமுன் சூறைக்குருவிகள் தாயில்பட்டிக் கண்மாயோரம் கூடும். மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கணக்கெடுக்க வந்திருந்தாள் பானுப்பிரியா. விருதுநகரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆசிரியை அவள். உடன் வந்த செந்தூர்பாண்டி, கண்மாயை ஒட்டிய பட்டாசுக் கம்பெனியின் போர்மேன். மூன்று ஆண்டுகளாகப் பறவை பார்ப்பதில் அவளுக்குத் துணை.

பருவம் தப்பிய மழை மூன்று மணிக்குப் பிடித்துக்கொண்டது. குருவிகள் கருவேல மரங்களுக்குள் ஒடுங்கின. விடுமுறை நாளாதலால் ஆளில்லாத கம்பெனியைத் திறந்து, காவலர் கொட்டகையில் ஒதுங்கச் சொன்னான் செந்தூர்பாண்டி. ஆனால் அங்கிருந்து மரங்கள் தெரியவில்லை. அவன் வாயிற்கதவைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள், பூட்டப்படாதிருந்த ஏழாவது அறைக்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

அவன் வாசலுக்கு வந்தபோது, எதிர்க்கதவருகே ஸ்டாண்டை விரித்துத் தொலைநோக்கியில் கண் பதித்திருந்தாள். மூவாயிரத்துக்குக் குறையாது என்றாள். கூரையிலும் ஏதோ அடைகிறது போலும், எச்ச நாற்றம் தாங்கவில்லை என்றாள்.

அவன் அண்ணாந்து பார்த்தான். கூடு இல்லை, ஓர் இறகுகூட இல்லை. விரிசல் விட்ட கூரைத் தகட்டிலிருந்து, கீழே தட்டில் கிடந்த சாம்பல்நிறக் கலவைமீது மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. கலவையின் நடுவே மெல்லிய ஆவி. அலுமினியப் பொடி நனைந்தால் முதலில் தொழுவத்து மூத்திர நெடி எழும், பிறகு சூடேறும். அதற்குமேல் நின்று பார்த்தவர் எவரும் அவனுக்குத் தெரிந்து இல்லை.

கலந்த வெடிமருந்தை மீதம் வைக்கக்கூடாது. அறையைக் கழுவச் செய்து, பார்த்துப் பூட்டவேண்டியவன் போர்மேன். நேற்று மாலை இடி முழங்கியதும் முறைப்படி விசில் ஊதி எல்லோரையும் வெட்டவெளிக்கு அனுப்பினான். மழை வரவில்லை; வேன் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். அவனும்தான். இன்று காலையில் அவன் மறக்காமல் எடுத்துக்கொண்டது பைனாகுலரை மட்டுமே.

கத்தினால் திடுக்கிட்டு எதையாவது இழுத்துவிடுவாள். குரலைத் தாழ்த்தினான்.

"டீச்சர், அது எச்சமில்ல. காலத் தூக்கி வச்சு அப்படியே வெளிய எறங்குங்க. தரையில பொடி கெடக்கு, தேய்க்காதீக."

அவள் கை ஸ்டாண்டை மடக்கப் போனது. அதன் கால்களின் முனை இரும்பு.

"காலேஜ் சாமான்ணே. நாளைக்குக் கேப்பாங்க."

"கேக்கட்டும். பதில் சொல்ல நீங்க வேணும்ல. விட்டுட்டு எறங்குங்க."

அப்போதுதான் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, பாதத்தை உயர்த்தி மழைக்குள் இறங்கினாள். அவன் அறையைச் சுற்றி ஓடிவந்து, தடுப்பு மண்மேட்டுக்குப் பின்னால் அவளைப் படுக்கவைத்தான்.

சேற்றில் முகம் பதித்து, பறவைகளை எண்ணும் பழக்கத்தில் நொடிகளை எண்ணினாள். இருநூறு. முந்நூறு. மழைச் சத்தம் மட்டுமே. ஒன்றும் ஆகவில்லையே, ஓடிப்போய் எடுத்து வந்துவிடலாமே என்று முழங்கையை ஊன்றினாள். அவன் அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தான்.

சத்தத்துக்கு முன்பே தரை எகிறியது. தகட்டுத் துண்டுகள் கண்மாய்க்குள் விழுந்தன. மூவாயிரம் குருவிகளும் ஒரே வீச்சில் எழுந்து, வடக்கா தெற்கா என்றில்லாமல் மழைக்குள் சிதறின.

வெகுநேரம் கழித்து அவள் நனைந்த குறிப்பேட்டைத் திறந்தாள். நேரத்தை எழுதினாள்.

"எம் பேரயும் எழுதுங்க டீச்சர்," என்றான் அவன். "பாக்காமப் போனவன் நாந்தான். நாளைக்கு ஏழு மணிக்கு, இங்க மருந்து கலக்குற முத்துப்பேச்சியில்ல அந்தக் கதவத் தொறந்திருப்பா."